சூரியன் கக்கிய முகிலின் வேகத்தை வீட்டிலிருந்தே அளப்பது எப்படி?

தொலைநோக்கி வேண்டாம். ஒரு லெப்டொப், இணையம், அடிமட்டம், கல்குலேட்டர் இருந்தால் போதும். வெள்ளவத்தையில் என் அறை ஜன்னலுக்கு எதிரே இன்னொரு மாடிக் கட்டடம்தான் தெரியும், சூரியனையே காண ஏலாது. அந்த அறையில் இருந்துகொண்டுதான் இதைச் செய்தேன்.

சூரியனின் காந்தப்புலம் முறுக்கேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாக இணையும்போது நூறு கோடி தொன் கணக்கில் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட வாயு, முகில்போல வெளியே வீசப்படும். அந்த முகிலைத்தான் சிஎம்இ (coronal mass ejection) என்கிறார்கள். நாங்கள் அளக்கப்போவது அதன் வேகம்.

முதலில் ஒரு நிகழ்வைத் தெரிவு செய்யுங்கள். 2024 மே மாதச் சூரியப் புயலை மட்டும் எடுக்க வேண்டாம். அந்தச் சில நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததால் எது எந்த முகில் என்று பிரிப்பதே பெரும்பாடு. 2012 ஓகஸ்ட் 31 நல்லது. சூரியனுக்கு மேலே நீண்ட நேரம் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்மா இழை ஒன்று சூரியனின் இடது விளிம்புப் பக்கம் கிளம்புகிறது, வடிவாகத் தெரியும்.

விண்கலங்கள் எடுத்த சூரியப் படங்களைக் காட்டும் ஹீலியோவியூவர் தளத்தைத் திறந்து திகதியைப் போடுங்கள். கவனம், அங்கே நேரம் எல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். வெடிப்பு 20:36க்கு, கொழும்பில் அப்போது செப்டெம்பர் 1, அதிகாலை 2:06. நான் கொழும்பு நேரத்தைப் போட்டுவிட்டு வெறும் சூரியனை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு பட அடுக்குகளைச் சேருங்கள். ஒன்று எஸ்டிஓ விண்கலத்தின் ஏஐஏ 304 என்ற புற ஊதாப் படம், இழை கிளம்புவதைப் பார்க்க. மற்றது சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கமராப் படம், முகில் விரிவதைப் பார்க்க. 1995இல் ஏவிய சோஹோ இன்றும் எனக்குப் பிடித்த கலம். சி3இன் நீலம் கணினி பூசிய நிறம், அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இனித்தான் நான் சறுக்கிய இடம். சி3 படத்தின் நடுவில் பெரிய தட்டு ஒன்று இருக்கும். சூரிய ஒளி கமராவைக் குருடாக்காமல் மறைக்கும் தட்டு அது. நான் அதையே சூரியன் என்று நினைத்து, அதன் ஆரையை அலகாக வைத்து அளந்தேன். வேகம் செக்கனுக்கு 400 கிலோமீற்றர்கூட வரவில்லை. சூரியனிலிருந்து எப்போதும் வெளியேறும் துகள் ஓட்டமான சாதாரண சூரியக் காற்றே அந்த வேகத்தில் வீசும், இவ்வளவு பெரிய வெடிப்புக்கு இது எப்படிச் சரி? இரண்டு இரவு கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன், கணக்கில் பிழையே இல்லை. பிழை அடிமட்டம் வைத்த இடத்தில். தட்டுக்குள்ளே சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் வரைந்திருப்பார்கள். அதுதான் சூரியனின் உண்மையான அளவு. தட்டு அதைப்போல 3.7 மடங்கு பெரியது.

சரி, வெள்ளை வட்டத்தின் ஆரையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அது 696,000 கிலோமீற்றருக்குச் சமம். முகிலின் முன்விளிம்பு ஒரு படத்தில் எங்கே, 48 நிமிடம் கழிந்த படத்தில் எங்கே என்று குறியுங்கள். எனக்கு 6 ஆரை நகர்ந்திருந்தது. 6 × 696,000 = 4,176,000; அதை 2,880 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு 1,450 கிலோமீற்றர். நாசா சொன்னதும் செக்கனுக்கு 900 மைலுக்கு மேல், ஏறத்தாழ அதே அளவு. அன்று இரவு தனியாகக் கை தட்டினேன்.

அதே படங்களைக் காட்டும் ஜேஹீலியோவியூவர் மென்பொருளை டவுன்லோட் செய்தால் ஒரு படத்தை அடுத்த படத்திலிருந்து கழித்துக் காட்டும் வசதி உண்டு, விளிம்பு பளிச்சென்று தெரியும். ஆனால் முதல் முறை கையால் அளப்பதே நல்லது என்பேன்.

பின்சேர்க்கை: படம் முழுக்கப் பனி கொட்டுவதுபோல் புள்ளிகள் வருகிறதே, கோப்பு பழுதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழுதில்லை. வேகமான புரோத்தன்கள் கமராவின் உணரியில் மோதுகின்றன. தட்டிலிருந்து ஒரு மூலைக்குப் போகும் கறுப்புக் கோடும் சூரியனுடையது அல்ல, தட்டைத் தாங்கும் கை.

இன்னொருவர் 15 கோடி கிலோமீற்றரை 1,450ஆல் வகுத்து, 29 மணி நேரத்தில் பூமிக்கு வந்திருக்க வேண்டுமே என்றார். வந்தது செப்டெம்பர் 3இல், அதுவும் ஓரமாக உரசிக்கொண்டுதான். வழியில் சூரியக் காற்று அதன் வேகத்தைக் குறைக்கும். நேரே எங்களை நோக்கி வரும் முகிலுக்கோ இந்த அடிமட்ட முறையே சரிவராது, அது பக்கவாட்டில் விரிவதை மட்டும்தான் அளப்பீர்கள். அதற்கு வேறு கோணத்தில் நிற்கும் ஸ்டீரியோ விண்கலங்களின் படங்களையும் சேருங்கள். 2014 ஒக்டோபருக்குப் பிந்திய நிகழ்வென்றால் அவற்றில் ஒன்றான ஸ்டீரியோ-பியைத் தேட வேண்டாம், அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.