மூளைக்காகக் கிரியேட்டின்: மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தசைப் பலத்துக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் குடிக்கும் கிரியேட்டின் தூளை, ஞாபகசக்தி கூடும் என்று கேள்விப்பட்டு வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, மூளையைத் தசை மாதிரி நினைப்பது. உடம்பில் இருக்கும் கிரியேட்டினில் ஏறக்குறைய 95 வீதம் தசையில் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதில் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இரத்தத்திலிருந்து உள்ளே போகும் வழியோ மிகக் குறுகல். நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் தசை நாலு கிழமையில் நிறைந்துவிடும். மூளையில் பல கிழமை கழித்தும் கூடுவது சில வீதம்தான், சிலரிடம் அதுகூடத் தெரியாது. ஆகவே பத்து நாளில் பலன் தேடாதீர்கள், ஆறு கிழமையாவது பொறுங்கள்.

பலனும் அளவானதே. 2003இல் அவுஸ்திரேலியாவில் சைவ உணவுக்காரர்களுக்கு நாளுக்கு 5 கிராம் வீதம் ஆறு கிழமை கொடுத்தபோது ஞாபகப் பரிசோதனையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2023இல் 123 பேரிடம் அதே அளவைப் பார்த்தபோது கிடைத்தது மிகச் சிறிய பலன். சைவக்காரர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. கை கால் நடுங்கும் பார்கின்சன் நோயாளிகள் 1,741 பேருக்கு நாளுக்கு 10 கிராம் கொடுத்த பெரிய ஆய்வு, பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. கை நடுங்கும் தாத்தாவுக்கு வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இந்தத் தூளைக் கொடுப்பது ஆபத்து.

அடுத்தது அளவு. குவித்த தேக்கரண்டிக்கும் தட்டிச் சமன் செய்த தேக்கரண்டிக்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு வரை வித்தியாசம் வரும். ஒருமுறை கிராம் தராசில் நிறுத்து, 5 கிராம் உங்கள் கரண்டியில் எவ்வளவு என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் முதல் கிழமை நாளுக்கு 20 கிராம் எடுக்கச் சொல்வது தசையைச் சீக்கிரம் நிரப்பத்தான். அதை ஒரே தடவையில் குடித்தால் வயிறு போகும்.

தண்ணீரிலும் விஷயம் இருக்கிறது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 14 கிராம்தான் கரையும். நுவரெலியாவின் காலைக் குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிர். ஒரு தம்ளரில் 5 கிராமைப் போட்டால் பாதிக்கு மேல் அடியில் மணலாய்த் தங்கும். அதைக் கழுவி ஊற்றினால் காசும் அளவும் போகும். வெதுவெதுப்பான தண்ணீர், அல்லது குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிளேன்டீ போதும். கலக்கினால் உடனே குடித்துவிட வேண்டும். காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும்போது பிளாஸ்கில் கலந்து, மலையில் மத்தியானம் குடிப்பது சரியில்லை. சூடும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்தால் கிரியேட்டின் மெல்ல மெல்லப் பயனற்ற கிரியேட்டினினாக மாறும். பனிமூட்டக் காலத்தில் ஈரக் கரண்டியையும் டப்பாவுக்குள் விடாதீர்கள்.

வாங்கும்போது ‘மோனோஹைட்ரேட்’ என்று மட்டும் பாருங்கள். விலை கூடிய மற்ற வகைகள் அதைவிட மேலானவை என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

கவனமாகப் படிக்க வேண்டியது சிறுநீரகப் பரிசோதனை பற்றியது. கிரியேட்டின் உடைந்து வருவதுதான் கிரியேட்டினின். கிளினிக்கில் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் கணக்கிடுவது இரத்தத்திலுள்ள கிரியேட்டினினை வைத்துத்தான். தூள் எடுப்பவருக்கு அந்த எண் கொஞ்சம் ஏறும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கெட்டதுபோல் அறிக்கை வரும். வைத்தியரிடம் தூளை மறைப்பது ஒரு பிழை. எண் ஏறியதைப் பார்த்து ‘அது தூளால்தான்’ என்று நீங்களே முடிவு கட்டுவது அதைவிடப் பெரிய பிழை, உண்மையான நோய் அப்படித்தான் மறைந்துபோகும். தூளை நிறுத்தி, வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பாருங்கள். சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனையும் சிறுநீர் அல்புமின் பரிசோதனையும் குழப்பத்தைத் தீர்க்கும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனக் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குபவர்கள் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

உயர்தரப் பரீட்சைக்காக இரவு முழுக்க விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு இதைக் கொடுப்பதும் தவறு. 2024இல் ஜெர்மனியில் தூங்காமல் வைத்திருந்த 15 பேருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.35 கிராம் ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்தார்கள். 50 கிலோ பிள்ளைக்கு அது 17.5 கிராம். மூளைச் சோர்வு ஓரளவு தணிந்தது உண்மை. ஆனால் அவர்கள் பெரியவர்கள், இருந்தது ஆய்வுக்கூடக் கண்காணிப்பில். வீட்டில் செய்து பார்க்கும் அளவு அல்ல அது.

மறதியும் களைப்பும் இருந்தால் தூளுக்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. அது கடல் மட்டத்துக்கான கணக்கு. நம் உயரத்தில் எல்லையைச் சற்றுக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ரொட்டியும் பருப்பும் சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணி, அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். நெத்தலிக் கருவாடு கிடைத்தால் தேசிக்காய் பிழிந்து பருப்போடு சேருங்கள். கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் கிரியேட்டினும் அதிலேயே வரும்.