நான் மில்லில் இல்லாத நாளிலும் தூள் அதே தூளாக இருக்க

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் எங்கள் மிளகாய்த்தூள் மில் அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்து 11 வருடம். தொழில் தொடங்கும் தங்கச்சிமார் வந்து கேட்டால் நான் முதலில் சொல்வது, உங்கள் மூக்கிலும் நாக்கிலும் இருக்கும் பக்குவத்தைக் கொப்பியில் இறக்குங்கள் என்பதுதான். அப்பா படுக்கையில் விழுந்த மாதம் எங்கள் தூள் கிழமைக்கு ஒரு நிறமாக வந்தது. பக்குவம் அவரோடு வீட்டில் படுத்திருந்தது.

ஒரு கிழமை முழுக்கத் தாச்சிக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருங்கள். மல்லியை எந்த நிறத்தில் இறக்குவது, பெருஞ்சீரகம் எப்போது வாசம் விடுகிறது, கறிவேப்பிலை கையில் நொறுங்குகிறதா, செத்தல் மிளகாய்க்கு நெருப்பை எவ்வளவு தணிப்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள். நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. மாரியில் மல்லி ஈரம் பிடித்திருக்கும், கோடையில் எடுத்த நேரத்தில் வறுபடாது. அப்புறம், திரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, திகதி எழுதி, வெயில் படாத தட்டில் வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் "இந்த முறை தூள் வேற மாதிரி" என்றால் வாதாட வேண்டாம். அந்தத் திகதிப் போத்தலைத் திறந்து மணந்து பாருங்கள்.

அடுத்தது, மில்லை நிறுத்தும் உரிமை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்களுக்குப் பெரிய வியாபாரம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கிலோக்கணக்கில் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வருடம் அந்த அவசரத்தில் வெந்தயம் கருகிவிட்டது. வெந்தயம் கொஞ்சம் கூட வறுபட்டாலே கைக்கும். வறுத்த அக்காவுக்கு அது அப்போதே தெரியும். "நீ நிண்ட அவசரத்தில என்னெண்டு சொல்லுறது, பிள்ளை?" என்று பிறகு கேட்டார். 40 கிலோ கைப்புத் தூள் அதற்குள் போய்விட்டது. அவர் வாயை அடைத்தது என் முகம். பிழை என்னுடையது.

இப்போது சுவிட்சை யாரும் நிறுத்தலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை. முதல் தடவை ஒருவர் நிறுத்தும்போது நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் செத்தலில் பூஞ்சணம் என்று நிறுத்தினான். பார்த்தால் வெறும் தூசி. அரை மணித்தியாலம் போனது. "நல்லது தம்பி, சந்தேகம் வந்தால் இனியும் நிறுத்து" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

சம்பளம் சொன்ன திகதியில். வீட்டுக் காசும் மில் காசும் வேறு வேறு பெட்டியில். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

விலை ஏறும் காலம்தான் சோதனை. 2022இல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது, விலை கண்முன்னே ஏறியது. மல்லியைக் கூட்டிச் செத்தலைக் குறைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நாங்கள் கலவையில் கை வைக்கவில்லை. விலையை ஏற்றி, 100 கிராம் பைக்கற்றும் போட்டோம். விற்பனை குறைந்தது, வழமையான வீடுகள் விட்டுப்போகவில்லை.

கடைசியாக, வருடத்தில் ஒரு தடவை பத்து நாள் மில் பக்கம் போகாதீர்கள். தொலைபேசியிலும் கேட்க வேண்டாம். திரும்பியதும் நேரே போத்தல் தட்டுக்குப் போங்கள். இந்த வைகாசியில் நான் திறந்த ஏழு போத்தலில் ஆறு சரி. ஒன்றில் பெருஞ்சீரகம் தூக்கலாக இருந்தது. கொப்பியைப் புரட்டினேன். வறுத்த அக்காவே அதைக் குறித்துவிட்டு, அந்தத் தூளை விற்காமல் மூலையில் கட்டி வைத்திருந்தார்.