இரண்டாவது டிஸ்க் செத்ததால் லினக்ஸ் எழவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து போன். வீட்டிலேயே மணகோலமும் சீடையும் போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஆச்சி. "தம்பி, கம்ப்யூட்டர் கறுப்பாவே நிக்குது. ஆர்டர் கணக்கெல்லாம் போச்சா?"

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் ஃபார்மட் செய்யச் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, ஆச்சி விடவில்லை.

திரையில் 1 நிமிடம் 30 விநாடி எண்ணிக்கை ஓடியது. அப்புறம் 'எமர்ஜென்சி மோட்'. இது வந்தால் பாதி நிம்மதி. லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்கு வைத்திருந்த இரண்டாவது டிஸ்கைத்தான் காணோம். எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் இருக்கிறது. அதில் உள்ள ஒருவர் வரவில்லை என்று பந்தியையே நிறுத்தி வைத்திருக்கிறது சிஸ்டம்.

1. ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள். சிலவற்றில் என்டர் போதும். ரூட் அக்கவுண்ட் பூட்டியிருக்கிறது என்று வந்தால், லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, உள் டிஸ்கில் இருக்கும் அதே கோப்பைத் திருத்த வேண்டும்.

2. இந்தக் கட்டளையைத் தட்டி என்டர் கொடுங்கள்: எல்-எஸ்-பி-எல்-கே, இடைவெளி, ஹைஃபன், எஃப். (போனில் சொல்வதுபோல எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன், எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து.) கண்ணுக்குத் தெரியும் டிஸ்க்குகளும் அவற்றின் யூயூஐடி எண்களும் (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும். குறித்துக்கொள்ளுங்கள்.

3. நானோ என்னும் எடிட்டரில் ஈடிசி கோப்புறையின் எஃப்எஸ்டேப்பைத் திறங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள், இது என் பயம். குறித்த எண்களில் இல்லாத யூயூஐடி எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் வராத விருந்தாளி. முதல் நான்கு எழுத்தை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அந்த வரியில் 'டிஃபால்ட்ஸ்' என்பதை ஒட்டி, இடைவெளி விடாமல், ஒரு காற்புள்ளி போட்டு 'நோஃபெயில்' என்று சேருங்கள். வராவிட்டால் பரவாயில்லை, இலை போடு என்று அர்த்தம். இடைவெளி விட்டால் அந்த வரியே குழம்பிவிடும்.

4. சேமித்து வெளியேற கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். எழுத முடியாது என்று அடம்பிடித்தால் ரூட் பகுதியை (லினக்ஸ் இருக்கும் பகுதி) எழுதும் நிலையில் ரீமவுண்ட் செய்துவிட்டு, அதாவது மறுபடி இணைத்துவிட்டு, மறுபடி சேமியுங்கள். அப்புறம் ரீபூட்.

ஆச்சி வீட்டில் சிஸ்டம் எழுந்துவிட்டது. சரி, கணக்கு? இரண்டாவது டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டியதும் டிஸ்க் தெரிந்தது, ஆனால் படிக்கும்போது பிழை மேல் பிழை. இந்த நிலையில் எஃப்எஸ்சிகே என்னும் பிழை திருத்தும் கட்டளையை ஓட்டவே கூடாது, சாகக் கிடக்கும் டிஸ்கில் அது எழுதவும் செய்யும். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். எங்களுக்குச் சத்தம் இல்லை. அதே அளவில் புது டிஸ்க் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்னும் மீட்புக் கருவியில், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு நகலெடுக்க விட்டேன். ராத்திரி கரண்ட் போனது. மேப் கோப்பு முதல் டிஸ்கில் பத்திரமாக இருந்ததால், காலையில் அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.