கடன் அடைக்கும் திட்டம் போடுவது எப்படி? பயத்தோடு ஆரம்பிப்பவர்களுக்கு

நான் போட்ட முதல் கடன் திட்டம் இரண்டே மாதம்தான் ஓடியது. ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து, சம்பளத்தில் பாதி கடனுக்கு என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதியதுமே பெரிய நிம்மதி. முதல் மாதமும் இரண்டாவது மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். அப்படிக் கடித்ததாலோ என்னவோ, மூன்றாவது மாதம் பல்வலி வந்தது. மருத்துவரிடம் கொடுக்கக் கையில் காசில்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். கார்டு கடனை அடைக்கப் போட்ட திட்டம் கார்டிலேயே போய் முட்டி நின்றது.

அந்தத் தாளில் இருந்த தொகையை எழுதியது நான் இல்லை, என் வெட்கம். வெட்கத்தில் எழுதுகிற தொகை எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் இங்கே சொல்லப்போவது கொஞ்சம் மெதுவான வழி. மோசமான மாதத்திலும் உடையாத திட்டம் எப்படிப் போடுவது என்பதுதான் விஷயம்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஏழு படிகளில் இதுதான் கடினமானது. கணக்கு கடினம் என்பதால் இல்லை, பார்க்கவே மனம் வராது என்பதால். பேங்க் மெசேஜ் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பது, தெரியாத எண் என்றால் எடுக்காமல் விடுவது, ஆப்பைத் திறந்தவுடன் மூடுவது எல்லாம் நானும் செய்ததுதான். சோம்பல் என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். 2013-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வில் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே மனிதர்கள் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். பணக்கவலை மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது. மங்கலான தலையோடு ஒரே மூச்சில் கணக்குப் போட உட்கார்ந்தால் தப்பாகத்தான் வரும்.

ஆகவே இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஸ்டேட்மென்ட், ரசீது, மெசேஜ் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும். எதையும் கூட்டிப் பார்க்காதீர்கள். மறுநாள் அரைமணி நேரம் ஒதுக்கி எழுதுங்கள். யாருக்குத் தர வேண்டும், இன்றைய பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதத் தவணை, கட்ட வேண்டிய தேதி. ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘கட்டாவிட்டால் என்ன ஆகும்’ என்று எழுதுங்கள். அந்தக் கட்டம்தான் பின்னால் ரொம்ப உதவும். யாராவது உங்களுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அவர் பெயரும் அதில் வரட்டும்.

நண்பரிடம் வாங்கிய கைமாற்றை விட்டுவிடாதீர்கள். வட்டி இல்லாத கடன்தான், ஆனால் அவர் எதிரே வந்தால் தெருவை மாற்றி நடக்கிறோமே, அதுவும் ஒரு வட்டிதான்.

வட்டி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுங்கள். ‘மூணு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். ‘ஃப்ளாட் வட்டி 12 சதவீதம்’ என்றால் 12 என்று நம்பிவிட வேண்டாம். நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடுவதுதான் ஃப்ளாட். ஒரு லட்சத்தை இரண்டு வருடத்துக்கு அப்படி வாங்கினால், குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் அது கிட்டத்தட்ட 22 சதவீதத்துக்குச் சமம்.

கூட்டிப் பாருங்கள். என் விஷயத்தில் மனதில் வைத்திருந்ததைவிட 40,000 கூடுதலாக வந்தது. அன்று ராத்திரி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நோட்டை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

படி 2: முதலில் உயிர்வாழும் செலவு

திட்டம் போடும் பலரும் தவணையை முதலில் எழுதி, மிச்சத்தில் குடும்பம் நடத்தப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வீட்டு வாடகை, சாப்பாடு, மின்சாரம், மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு, பிள்ளைகளின் படிப்பு. கடந்த மூன்று மாதக் கணக்கைப் பார்த்து எழுதுங்கள். ‘இனிமேல் இவ்வளவுதான் செலவு செய்வேன்’ என்ற ஆசைத் தொகை வேண்டாம், உண்மையில் செலவானது வேண்டும்.

அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை வந்து கழுத்தைப் பிடிக்கும் செலவுகள்: காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர். அவற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்து, மாதச் செலவில் சேருங்கள். என் முதல் திட்டத்தில் இந்த வரியே இல்லை. கூடவே ‘பல்வலி’ என்று ஒரு வரி போடுங்கள். நான் இன்றும் அதை அந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். சிறு தொகை போதும், மாதாமாதம் அது தனியாகச் சேரட்டும்.

வருமானத்தில் இதெல்லாம் போக நிற்பதுதான் கடனுக்கு. அந்தத் தொகை சிறிதாக இருக்கும். பார்த்ததும் மனம் சுருங்கும், இருந்தாலும் அதைப் பெரிதாக்கித் திருத்தாதீர்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அதுவும் முக்கியமான தகவல்தான். அப்போது கடன் கொடுத்தவர்களிடம் பேசாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

படி 3: கடன் கொடுத்தவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள்

தவணை தவறுவதற்கு முன்பு போன் செய்பவருக்கும், தவறி மூன்று மாதம் கழித்துப் பிடிபடுபவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. பேங்காக இருந்தால் கேட்கக்கூடியவை நான்கு: தவணைக் காலத்தை நீட்டிப்பது, வட்டியைக் குறைப்பது, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது, சம்பளத் தேதிக்கு ஏற்ப கட்டும் தேதியை மாற்றுவது. நான்கும் சேர்ந்து கிடைக்காது. ஒன்று கிடைத்தாலே நல்லது. காலத்தை நீட்டினால் மாதச் சுமை குறையும், மொத்த வட்டி கூடும் என்பதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

பேசுவதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், குரல் நடுங்கினாலும் வார்த்தை தவறவில்லை. “மேடம், என்னால் இப்போது மாதம் 4,000 கட்ட முடியும். தவறாமல் கட்டுவேன். அதற்கு ஏற்றபடி தவணையை மாற்றித் தர என்ன வழி இருக்கிறது?” கதை சொல்லாதீர்கள், அழாதீர்கள், சத்தியம் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் என்ன அழுத்தம் கொடுத்தாலும் படி 2-ல் வந்த தொகைக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். “வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்பது முழுமையான பதில். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

கைமாற்று கொடுத்தவருக்கு நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: “அண்ணா, உங்க 20,000 எனக்கு ஞாபகம் இருக்கு. அடுத்த மாசத்திலேருந்து மாசம் 1,000 தரேன். அதுக்கு மேல இப்போ முடியல.” மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். அவரோ ஒரு நிமிடத்தில், “சரிப்பா, சாப்ட்டியா?” என்று பதில் போட்டார்.

வசூலுக்கு வருபவர்கள் ஜெயில், போலீஸ் என்று மிரட்டினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தப்படி கட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை (1966) 11-வது பிரிவில் சொல்கிறது. மோசடி, காசோலை திரும்புவது போன்றவை வேறு கதை. மிரட்டல் வந்த தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். புகார் செய்யும்போது அந்தக் குறிப்புதான் பேசும்.

‘உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். பாதியைக் கட்டி முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட்டிலும் கவனம் தேவை. முழுதாக அடைத்த கடன் போல அது உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகாது, பிற்பாடு புதிதாகக் கடன் கேட்கும்போது தடையாக வந்து நிற்கலாம்.

படி 4: எதை முதலில் அடைப்பது?

வீட்டையோ வேலையையோ பறிக்கக்கூடிய கடன், ஜாமீன்காரரை மாட்டிவிடும் கடன் இரண்டும் முன்வரிசை. ஆறாவது கட்டத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணை போகட்டும். மிச்சமுள்ள பணம் முழுவதும் ஒரே கடனுக்கு. பத்துப் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எதுவும் நனையாது.

அந்த ஒரு கடன் எது? கணக்குப்படி அதிக வட்டிக் கடன். மனசுப்படி மிகச் சிறிய கடன். கடன் அடைத்தவர்களின் விவரங்களை வைத்து 2012-ல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முழுசாக மூடியவர்களே மொத்தக் கடனிலிருந்தும் வெளியே வர அதிக வாய்ப்பு இருந்ததாகத் தெரிந்தது. என் யோசனை: ஒரே ஒரு சிறிய கடனை முதலில் முடித்துவிடுங்கள், அதன் பிறகு அதிக வட்டிக்குத் தாவுங்கள். ஒன்று முடிந்ததும் அதற்குப் போன தொகை அடுத்த கடனோடு சேர வேண்டும், செலவோடு அல்ல.

கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று போடுவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சம் பாக்கியில் 5 சதவீதம் என்று வையுங்கள். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள். பாக்கி குறையக் குறைய, கட்டச் சொல்லும் தொகையும் குறையும். சந்தோஷமாக அதை மட்டும் கட்டிவந்தால், 30 மாதம் கழித்தும் சுமார் 52,000 பாக்கி நிற்கும். அவர்கள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் நீங்கள் அதே 5,000-ஐ மாறாமல் கட்டிவந்தால், 30-வது தவணையோடு கடன் முடிந்துவிடும். இரண்டு வழியிலும் முதல் மாதம் கட்டியது ஒரே தொகைதான். கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கார்டை வெட்டிப் போடுவதா வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். நான் வெட்டவில்லை, தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவளிடம் கேட்டு வாங்குவது வெட்டியதைவிடக் கஷ்டம்.

படி 5: தேதி

சம்பளம் வந்த மறுநாளே தவணை தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

படி 6: மனசுக்கும் ஒரு திட்டம்

திட்டம் ஓட ஆரம்பித்தபின் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் மூன்று மாதம் உற்சாகம். பிறகு வருகிற நடுப்பகுதி யாரும் சொல்லாத பகுதி. பாக்கி மெல்லத்தான் குறையும், வாழ்க்கையில் எதுவும் மாறினது போல இருக்காது, கூட வேலை பார்ப்பவர் புது வண்டி வாங்குவார். நான் அப்போது சுவரில் 30 கட்டம் வரைந்து ஒட்டினேன், மாதம் ஒன்றுக்கு வண்ணம். சின்னப் பிள்ளைத்தனம்தான். ஆனால் 14-வது கட்டத்தில் நின்றபோது, பின்னால் பார்க்க 13 இருந்தது.

கடனைப் பற்றி நினைக்க வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் ஒரு தாளில் எழுதிவிட்டு, ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்று தள்ளுங்கள். எல்லா முறையும் வேலை செய்யாது, பாதி முறை செய்தாலும் தூக்கம் வரும்.

வீட்டில் ஒருவருக்காவது முழுத்தொகை தெரிய வேண்டும். பாதி சொல்லி மீதியை மறைத்தால் அந்த மீதி தினமும் வளரும். என் மனைவியிடம் சொன்ன அன்று அவள் கோபப்பட்டாள், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே நோட்டை எடுத்துவரச் சொல்லி, நான் விட்டுப்போன ஒரு தவணையைக் கண்டுபிடித்தாள். யாராவது எங்காவது செலவுக்குக் கூப்பிட்டால் “இந்த வருஷம் கைவசம் இல்லை, அடுத்த முறை வரேன்” என்று சொல்லிப் பழகுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்தப் படிகளையெல்லாம் ஓரமாக வையுங்கள். இன்றே, இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நெருங்கியவர், மருத்துவர், உங்கள் ஊரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி. கடனுக்குக் காலம் நீட்டலாம், பேசிக் குறைக்கலாம், பல நாடுகளில் சட்டப்படி திவால் கேட்கவும் வழி இருக்கிறது.

படி 7: ஒரு மாதம் தவறினால்

தவறும். வேலை போகலாம், உடம்பு படுத்தலாம். அன்றைக்கு வெட்கம் மறுபடி பேனாவை எடுத்து, ‘அடுத்த மாதம் இரண்டு தவணையாகக் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதப் பார்க்கும். எழுத விடாதீர்கள். தேதிக்கு முன்பே போன் செய்து, எவ்வளவு முடியுமோ அதைக் கட்டி, விடுபட்டதைக் கடைசியில் ஒரு மாதமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் விடுபட்டதை நான்கைந்து மாதங்களில் பிரித்துக் கட்டக் கேளுங்கள். என் சுவரில் 30 கட்டம் 32 ஆனது. கூடுதல் இரண்டையும் என் மகள் வரைந்தாள், கோணலாக.

கடைசித் தவணை கட்டியதும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்து வைத்திருந்த பத்திரம், காசோலை எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள், ஓரிரு மாதம் கழித்துக் கடன் வரலாற்றில் அது மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்தச் சான்று வர மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வந்ததும் நோட்டுக்குள் செருகினேன். அடுத்த மாதம் சம்பளத்துக்கு மறுநாள் பழக்கதோஷத்தில் கணக்கைத் திறந்து பார்த்தால், அந்த 5,000 அப்படியே இருந்தது. ‘பல்வலி’ கணக்குக்கு மாற்றிவிட்டேன்.