தண்ணீர் விடாத தாய்லாந்துத் துளசிக் கோழி: ஒரு தட்டுக்கான செய்முறை

பாங்காக்கில் வேலை பார்த்த இரண்டு வருடமும் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஒன்றேதான். சீலோம் சாலையில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்து முனையில் வண்டிக்கடை. 'பட் கப்ராவ் கை' என்று சொன்னால் போதும். மூன்று நான்கு நிமிடத்தில் தட்டில் சூடான சோறு, அதன்மேல் காரமும் துளசி வாசமுமாகக் கொத்திய கோழி, அதற்கும் மேலே ஓரம் மொறுமொறுத்த முட்டை. 'பட்' என்றால் வதக்குவது, 'கப்ராவ்' துளசி, 'கை' கோழி. என்ன சாப்பிடலாம் என்று எதுவும் தோன்றாத நாளில் கேட்கிற சாப்பாடு என்றே தாய்லாந்துக்காரர்கள் இதைச் சொல்வார்கள்.

சென்னைக்குத் திரும்பி வந்து வீட்டில் செய்தேன். ஏழெட்டு முறை குழம்பாகத்தான் வந்தது. சாஸ் வகைகள் அங்கிருந்து கொண்டு வந்தவை, அளவும் சரி. ஆனால் கறியைப் போட்ட ஒரு நிமிடத்தில் சட்டியில் தண்ணீர் கூடிவிடும். கோழி வெளுத்துப்போய் அந்தத் தண்ணீரிலேயே வெந்து, அது வற்றுவதற்குள் ரப்பர் மாதிரி ஆகிவிடும். காரணம் பிடிபட நான்கு மாதம் ஆனது. அதனால் இந்தப் பதிவில் சோறு வடிப்பது, வெங்காயம் நறுக்குவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. இந்த உணவில் வெங்காயமும் கிடையாது.

ஒரு தட்டுக்கு வேண்டியவை

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 150 கிராம்
நாட்டுப்பூண்டு 8 பல் (பெரிய பூண்டானால் 4)
காந்தாரி அல்லது ஊசி மிளகாய் 5
துளசி இலை ஒரு பெரிய கைப்பிடி
சிப்பி சாஸ் 2 தேக்கரண்டி
மீன் சாஸ் 1 தேக்கரண்டி
லைட் சோயா சாஸ் 1 தேக்கரண்டி
டார்க் சோயா சாஸ் கால் தேக்கரண்டி, நிறத்துக்கு மட்டும்
சர்க்கரை அரைத் தேக்கரண்டி
முட்டை 1, எண்ணெய், சோறு

உப்பு வேண்டாம். சாஸ்களில் இருப்பதே தாராளம். மஞ்சள்தூள், இஞ்சி, மல்லித்தூள் எதுவும் வேண்டாம். கோழி என்றதும் மஞ்சள் டப்பாவுக்குக் கை தானாகப் போகும், அன்று மட்டும் அதை எட்டாத இடத்தில் வையுங்கள். நல்லெண்ணெயும் கூடாது. 'ஆசியச் சமையல்' என்று இணையத்தில் சுற்றும் குறிப்புகள் பலவற்றில் எள்ளெண்ணெய் இருக்கிறது, கப்ராவில் அதற்கு இடமில்லை. வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய் போதும்.

மீன் சாஸைப் பற்றி ஒரு வார்த்தை. நெத்திலியையும் உப்பையும் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்து இறக்கும் சாறு அது. குப்பியைத் திறந்ததும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கருவாடு வறுக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் அந்நியமில்லை, சூடான சட்டியில் பட்டதும் அது அடங்கியும் விடும். தாய்லாந்துத் தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்குவது ஸ்குவிட் பிராண்ட். சோயாவில் கவனம் வேண்டும்: அங்கே 'சீ இவ் காவ்' என்பது தண்ணீர் போன்ற லைட் சோயா, 'சீ இவ் டம்' என்பது கெட்டியான கறுப்பு சோயா. நம் கடைகளில் வெறும் 'சோயா சாஸ்' என்று கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு. அதை ஒரு தேக்கரண்டி ஊற்றினால் கோழி கரி நிறமாகிவிடும்.

கறி வாங்குவதும் கொத்துவதும்

கடையில் 'லெக் போன்லெஸ்' என்று கேளுங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், இவ்வளவு தீயில் அது நார்நாராகக் காய்ந்துவிடும். கீமா போட்டுத் தருகிறேன் என்பார் கடைக்காரர், அதையும் மறுத்துவிடுங்கள். எந்திரத்தில் அரைத்த கறி களிபோல ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்து நீரும் அதிகமாக வரும். கனமான கத்தியால் வீட்டிலேயே கொத்துங்கள். பட்டாணி அளவில் ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். சிறு துண்டு சீக்கிரம் முறுகும், பெரிய துண்டு சாறோடு இருக்கும், வாயில் இரண்டும் வேண்டும்.

கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாது என்றால் முழுத் துண்டாக இருக்கும்போதே கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகு கொத்துங்கள். கொத்திய பிறகு கழுவினால் அன்றைக்குக் குழம்புதான்.

பூண்டும் மிளகாயும்

இடிகல்லில் இடியுங்கள், மிக்ஸி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மிக்ஸியில் விழுது நைசாகி, எண்ணெயில் பட்டதும் அடிப்பிடித்துக் கசக்கும். பூண்டு நசுங்கி, மிளகாய் கிழிந்து, விதை வெளியே தெரிந்தால் போதும். பாங்காக்குக்குத் தென்கிழக்கே சோன்புரி மாகாணத்தில் ஆங் சிலா என்று ஒரு கடலோர ஊர், கருங்கல் உரல்களுக்குப் பேர்போனது. அங்கே வாங்கிய உரலைத்தான் இப்போதும் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, இஞ்சி தட்டுகிற நம் சிறு கல்லே போதும்.

துளசியா, திருநீற்றுப்பச்சிலையா?

கப்ராவ் நம் துளசி இனமேதான், தாவரவியலில் இரண்டும் ஒன்று. ஆனால் வகை வேறு. தாய்லாந்து வகையில் மிளகு போன்ற காரம் முந்தும், நம் மாடத்துத் துளசியில் கிராம்பு வாசம் முந்தும். கருந்துளசியைப் போட்டுப் பார்த்தேன், சளிக்குக் கஷாயம் குடிப்பது போல இருந்தது. பச்சைத் துளசியின் கொழுந்தும் இளம் இலையும் நன்றாகவே ஒத்துவருகின்றன. பூக்கதிர் முற்றிய செடியின் இலை கசக்கும்.

வீட்டுத் துளசியைக் கறியில் போடுவதா என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மாடத்துச் செடியைத் தொடவில்லை. நாற்றங்காலில் இருந்து தனியாக ஒரு கன்று வாங்கிச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன், அதைக் கீரைச்செடியாகவே வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அது சரியாகப்பட்டது.

'தாய் பேசில்' என்று கடைகளில் விற்கும் இலை கப்ராவ் இல்லை. அது ஹோரபா, நம் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய சொந்தம், சப்ஜா விதை தருகிற அதே இனம். சோம்பு வாசம் வரும். அதைப் போட்டு வதக்கினாலும் ருசிதான், தாய்லாந்திலும் அப்படி ஒரு வதக்கல் உண்டு. ஆனால் அதன் பெயர் வேறு, ருசியும் வேறு.

அடுப்பில் ஏற்றும் முன்

நான்கு சாஸையும் சர்க்கரையையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வையுங்கள். இலையைக் கிள்ளி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். சோறு தட்டில் தயாராக இருக்கட்டும். மல்லிகை அரிசி கிடைத்தால் நல்லது. அது பச்சரிசி, லேசாக ஒட்டும், அந்த ஒட்டல்தான் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பொன்னிப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைவாக வடியுங்கள். புழுங்கலரிசிச் சோறு இதற்குச் சேராது.

முட்டையை முதலில் பொரியுங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவிட்டு உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு பூப்போலப் பொங்கி, ஓரம் சிவந்து முறுகும். கரண்டியால் சூடான எண்ணெயை மேலே அள்ளி விடுங்கள், திருப்ப வேண்டாம், மஞ்சள்கரு இளகியே இருக்கட்டும். இதன் தாய்லாந்துப் பெயருக்கு 'நட்சத்திர முட்டை' என்று பொருள். முட்டையை எடுத்துவிட்டு, சட்டியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிண்ணத்தில் வடித்துவிடுங்கள்.

நான் நான்கு மாதம் மாட்டிக்கொண்ட இடம்

நான் அரைக் கிலோ கறியை ஒரே தடவையில் போட்டுக்கொண்டிருந்தேன். தவறு அதுதான்.

கோழிக்கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய நீர்தான். சூடு பட்டதும் அது கசியத் தொடங்கும். சட்டியில் போதிய சூடு இருந்தால் கசியக் கசிய ஆவியாகிவிடும். கறி அதிகமானால் அத்தனையும் சேர்ந்து சட்டியைக் குளிரவைக்கும், கசிந்த நீர் தேங்கும். நீர் தேங்கிவிட்டால் அது வற்றும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுபட ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அது வேகுமே தவிர வறுபடாது.

வண்டிக்கடை அம்மாவின் அடுப்பு ஜெட் விமானம் மாதிரி இரையும். நம் வீட்டு அடுப்பில் அந்தத் தீ வராது என்று மனம் விட்டிருந்தேன். ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அந்த அடுப்பிலேயே அவர் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் போடுவார். ஐந்து பேர் காத்து நின்றாலும் ஐந்து தடவை. தினமும் எதிரே நின்று பார்த்திருக்கிறேன், மனதில் பதியவில்லை. அன்று இரவே 150 கிராம் மட்டும் போட்டேன். சட்டி கடைசிவரை சடசடவென்றே பேசியது, ஒரு சொட்டு நீர் தேங்கவில்லை. வீட்டு அடுப்புக்குத் தீயைக் கூட்ட முடியாது, கறியைக் குறைக்கலாம்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். நன்கு பழக்கிய, கனமான இரும்புச் சட்டி ஒன்றைப் பாத்திரக்கடையில் வாங்கலாம். நான்ஸ்டிக் இதற்கு ஆகாது. வெறும் சட்டியைப் புகை வரக் காய்ச்சுவோம், 260 டிகிரி தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

இரண்டரை நிமிடம்

எண்ணெயில் லேசாகப் புகை தெரியட்டும். இடித்த பூண்டு மிளகாயைப் போட்டுப் பத்து நொடி கிளறுங்கள். நெடி கிளம்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பூண்டு பொன்னிறத்துக்குத் திரும்பும் முன்பே கறியைப் போட்டு, கரண்டியால் அடை தட்டுவது போலச் சட்டி முழுக்கப் பரப்பி அழுத்துங்கள்.

இப்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நாற்பது நொடி கிளறக் கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் புரட்டி, உதிர்த்து, ஒரு நிமிடம் விடாமல் கிளறுங்கள். இளஞ்சிவப்பு எங்கும் தெரியாதபோது கலந்து வைத்த சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். அது கொதித்துச் சுண்டுவதில்தான் அந்தக் கடை வாசனை இருக்கிறது. மிகவும் வறண்டு தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். அரை நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிட்டு இலை முழுவதையும் கொட்டி இரண்டு புரட்டு. இலை சுருண்டால் போதும், தீயில் கிடந்தால் வாசம் பறந்துவிடும்.

சோற்றின் மேல் கறி, கறியின் மேல் முட்டை. பக்கத்தில் மீன் சாஸில் நறுக்கிய மிளகாயும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஒரு சிறு கிண்ணம். அங்கே அதை 'பிரிக் நாம் பிளா' என்பார்கள். மஞ்சள்கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 1. நான்கு பேருக்கு எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான்கு தடவைதான். பயப்பட வேண்டாம், நறுக்குவதும் இடிப்பதும் ஒரே வேலை. நான்கு கிண்ணத்தில் பங்கு போட்டு வைத்துக்கொண்டால் அடுப்பில் மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே சட்டியைத் துடைத்து மறுபடி புகையக் காயவிட வேண்டும். அதை நான் முதலில் எழுத மறந்துவிட்டேன். ஒரு சகோதரிக்கு இரண்டாவது தட்டு முழுக்க அடிப்பிடித்துக் கசந்ததற்கு அதுவே காரணம்.

பின்சேர்க்கை 2. இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்கள் குழிச்சட்டியை விட்டு, அடி தட்டையான வார்ப்பிரும்புச் சட்டியை எடுங்கள். மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு சூட்டைக் கூட்டுங்கள். அளவை 120 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

பின்சேர்க்கை 3. காராமணிக்காய் போடலாமா? பாங்காக்கிலேயே சில கடைகளில் போடுவார்கள், கூடாது என்று அங்கேயே சண்டையும் உண்டு. நான் கூடாது என்கிற கட்சி. காய் சேர்ந்தால் நீரும் சேரும், துளசியும் அடங்கிப்போகும். போட்டே ஆக வேண்டும் என்றால் தனியாக வறுத்து வைத்துக் கடைசியில் சேருங்கள். காளானில் செய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கோழியைவிட அது அதிகம் நீர் விடும், ஒரு தடவைக்கு 100 கிராம் தாண்ட வேண்டாம். சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாறில் செய்த சாஸ் கிடைக்கிறது, சிப்பி ஒவ்வாதவர்களும் அதை எடுத்துக்கொள்ளலாம், புட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டு.

பின்சேர்க்கை 4. பறித்த துளசியைப் பிரிட்ஜில் வைத்து இலை கறுத்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். குளிர் அதற்கு ஆகாது. காம்போடு கிள்ளி, ஒரு தம்ளர் தண்ணீரில் நிற்கவைத்து வெளியே வையுங்கள், இரண்டு மூன்று நாள் வாடாது. என் தம்ளரில் ஒரு காம்பு வேரே விட்டுவிட்டது. அதைத் தொட்டியில் நட்டேன், ஜன்னலோரம் இப்போது இரண்டு செடி.