வீடியோ கேப்சருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எடிட்டிங் பழகும் ஒரு தம்பி கேப்சர் கார்டை (கேமரா வீடியோவைக் கணினிக்குள் கொண்டுவரும் அட்டை) கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணா, இது போச்சு. 20 நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் ஃப்ரேம் விழுது." ஃப்ரேம் விழுவது என்றால் நடுநடுவே படங்கள் பதிவாகாமல் விடுபடுவது. நான் கார்டைத் தொடவே இல்லை. அவனுடைய டிஸ்க்கைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

பேக்கப் எடுங்கள், கேபிளைச் சரியாகச் செருகுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியில் போட்ட வேகத்தை நம்பி எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்குவது

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தரவு எழுதும் தடங்கள் கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதே தட்டில் கூடுதல் இடம், குறைந்த விலை. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற, மேலே ஏறியிருக்கும் ஓடுகளையும் பிரிக்க வேண்டும் அல்லவா? இங்கும் ஒரு தடத்தை மாற்ற அந்தப் பகுதி முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அது நமக்குத் தெரியாமலிருக்க, வரும் தரவை முதலில் தனியாக ஒதுக்கிய இடத்தில் கொட்டிவைத்து, சும்மா இருக்கும்போது டிஸ்க் அதை ஒழுங்குபடுத்தும். கேப்சரில் சும்மா இருக்க நேரமே கிடைக்காது. ஒதுக்கிய இடம் நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். சில நொடிகள் எழுதாமலே நின்றும்விடும்.

எனக்கு நடந்தது ஒரு கச்சேரிப் பதிவில். இரண்டு கேமரா, 1080பி, ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம். ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 27.5 மெகாபைட், இரண்டுக்கும் 55. முந்தைய நாள் 1 ஜிபி கோப்பை எழுதிச் சோதித்தபோது நொடிக்கு 140 மெகாபைட் காட்டியது. நிம்மதியாகப் போனேன். 35ஆவது நிமிடத்தில் ஃப்ரேம் விழுந்து பதிவே நின்றுபோனது. பாடுகிறவரிடம் போய் அந்த ஆலாபனையை மறுபடி கேட்க முடியாது. அதன்பிறகு கேபிள் மாற்றினேன், மென்பொருளை மறுபடி நிறுவினேன், புதுக் கேப்சர் கார்டே வாங்கினேன். ஒருநாள் இரவு பதிவை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தும் டிஸ்க் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது. மேலே கைவைத்தேன், அதிர்வு நிற்கவில்லை. கணினி எதையும் எழுதவில்லை. டிஸ்க் தனக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது.

பெட்டியில் எஸ்எம்ஆர் என்று ஓர் எழுத்துகூட இல்லை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. சில மாடல்களைப் பெரிய நிறுவனங்களே இப்படிச் சொல்லாமல் விற்றது 2020இல் வெளியே வந்தது. பிறகுதான் பட்டியல் கொடுத்தார்கள்.

அதனால் வாங்கும் முன் மாடல் எண்ணைத் தேடி, நிறுவனத்தின் விவரத்தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத பழைய வகை) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குகள் இப்போது பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். கையில் இருப்பதைச் சோதிக்க 1 ஜிபி போதாது. முக்கால்வாசி நிரப்பி, பாதியை அழித்துவிட்டு, 200 ஜிபியை இடைவிடாமல் எழுதிப் பாருங்கள். முடிந்த வேலைகளைப் போட்டுவைக்க மட்டும் என்றால் எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும்.

எஸ்எஸ்டி என்றால் கவலையில்லை என்று நினைப்பது

மலிவான க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் வகை) எஸ்எஸ்டிக்கும் இதே நோய் உண்டு. வரும் தரவை முதலில் வாங்கிக்கொள்ளும் அதன் வேகமான கேஷ் நிரம்பியபின் சில மாடல்கள் நல்ல ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக எழுதும். நீண்ட நேரம் எழுதினால் என்ன வேகம் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

கழுத்துவரை நிரப்புவது

ஹார்ட் டிஸ்க் வெளிவட்டத்திலிருந்து நிரம்பும். உள்வட்டத்துக்கு வரும்போது வேகம் ஏறக்குறையப் பாதிதான். கேப்சர் டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுகிறேன்.

மெகாபிட்டை மெகாபைட் என்று படிப்பது

வேகம் மெகாபிட்டில் இருந்தால், மெகாபைட் தெரிய 8ஆல் வகுங்கள்.

சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கிலேயே கேப்சர்

வேண்டாம்.

ரெய்டு 0இல் ஒரே பிரதி

ரெய்டு 0 தரவைப் பல டிஸ்க்குகளில் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும். ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும்.