21 ரப்பர் கொட்டை: கணினியோடு ஆட ஒரு சின்ன நிரல்

போன பள்ளி விடுமுறைக்கு அக்காள் மகன் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் பழைய லயத்துக்குப் பின்னால் நாலைந்து பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இன்னும் நிற்கின்றன. அங்கே பொறுக்கிய கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து என் கையில் சூடு வைத்துக்கொண்டே இருந்தான். அவனை ஓரிடத்தில் உட்கார வைக்க எழுதிய ஆட்டம் இது.

விதி சுலபம். 21 கொட்டை, முறைக்கு 1, 2 அல்லது 3 எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. நிம் என்ற பழைய ஆட்டத்துக்கு இது தம்பி முறை. நிம் ஆடுவதற்கென்றே 1951-இல் இங்கிலாந்தின் ஃபெர்ராண்டி நிறுவனம் நிம்ராட் என்ற கணினியைச் செய்து காட்சிக்கு வைத்தது.

ஆட்டத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன். அதை எழுத எனக்குப் பிடித்தது தோனி (Thonny). கிரிக்கெட்காரர் அல்ல, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள். மாறிகளின், அதாவது மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்களின், மதிப்பை ஓரத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். பழைய மடிக்கணினியிலும் ஓடும். பெரிய எடிட்டர்களைத் தொடக்கத்திலேயே தொடாதீர்கள். பட்டன்களைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மீதி = 21

அடுத்து, மீதி > 0 என்று ஒரு வைல் (while) சுழற்சி, கொட்டை மீதி இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். அதற்குள் இன்புட் (input) மூலம் எண்ணைக் கேளுங்கள், இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்றுங்கள், மீதியில் கழியுங்கள். மீதி 0 ஆகிவிட்டால் ஆடியவருக்கு வெற்றி, அங்கேயே பிரேக் (break) போட்டுச் சுழற்சியை நிறுத்துங்கள். இந்தச் சோதனை கணினியின் முறைக்கு முன்னால் வர வேண்டும்.

இனி கணினியின் மூளை, ஒரே வரி:

எடு = மீதி % 4

இங்கே % விழுக்காடு அல்ல, வகுத்தால் வரும் மீதம். எதிராளிக்கு எப்போதும் 4-இன் மடங்கை விட்டுவைப்பதுதான் சூட்சுமம். அவர் 1 எடுத்தால் நாம் 3, அவர் 2 எடுத்தால் நாமும் 2, அவர் 3 என்றால் நாம் 1. கடைசி நாலிலும் இப்படியே ஆடினால் கடைசிக் கொட்டை நம் கைக்கு வரும்.

நான் சறுக்கியது இந்த வரியில்தான். பையன் முதலில் 1 எடுத்தான், மீதி 20. "நான் 0 கொட்டை எடுக்கிறேன்" என்றது கணினி. அவன் 2 எடுத்தான், அதுவும் 2 எடுத்தது, கடைசியில் ஜெயித்தும்விட்டது. "மாமா, சும்மா இருந்தே ஜெயிக்குது, கள்ளாட்டம் லா!" என்று குதித்தான். சூத்திரம் தப்போ என்று அரைமணி நேரம் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சூத்திரம் சரிதான், 20-ஐ 4-ஆல் வகுத்தால் மீதம் 0, கணினி சொன்னதைச் செய்திருக்கிறது. ஏற்கெனவே தோற்கும் நிலையில் இருப்பவர் என்ன எடுப்பது என்று நான்தான் சொல்லவில்லை.

எடு == 0 என்றால், எடு = ராண்டின்ட்(1, 3). கேட்பதற்கு இரட்டைச் சமக்குறி, வைப்பதற்கு ஒற்றை. ராண்டின்ட் (randint) குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைத் தரும், அதில் 3-உம் சேர்த்தி. ரேண்டம் (random) நூலகத்திலிருந்து அதை முதல் வரியிலேயே இம்போர்ட் (import) செய்துகொள்ளுங்கள். அப்புறம் மீதியில் எடு-வைக் கழித்து, 0 வந்தால் கணினிக்கு வெற்றி என்று அச்சிடுங்கள்.

பின்சேர்க்கை: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆடியபோது ஒருத்தி -5 என்று தட்டினாள், கொட்டை கூடிவிட்டது! இன்னொருவன் "மூணு" என்று எழுத்தில் தட்ட, நிரலே நின்றது. இன்ட் போடுவதற்கு முன்பே, தட்டியது ["1", "2", "3"] பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி கேளுங்கள். சோம்பல்பட்டு "123" என்று ஒரே எழுத்துச் சரமாக எழுதிவிடாதீர்கள். அதில் "12"-உம் அடக்கம் என்று பைத்தான் ஒத்துக்கொள்ளும், 12 கொட்டை போய்விடும்.

முதலில் 1 எடுத்தால் ஜெயிக்கலாம் என்பதைப் பையன் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். அன்றிரவு 21-ஐ 20 ஆக்கி வைத்தேன். இப்போது அவன் எதை எடுத்தாலும் கணினிக்குத்தான் வெற்றி. இன்னும் அவனிடம் சொல்லவில்லை.